தண்ணீர் எடுக்காத மோட்டார்

இசையமைப்பாளர் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "எந்தப் படம்?" படம் இல்லை என்றால் சீரியலா என்பார்கள். அதுவும் இல்லை என்றால் முகத்தில் ஒரு பரிதாபம் வந்துவிடும். இன்னும் சான்ஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொள்வார்கள். தர்மபுரியில் தெரிந்த லோக்கல் சேனல்காரர் ஒருவர் இருக்கிறார், சொல்லிப் பார்க்கட்டுமா என்று கேட்டவர்களும் உண்டு. நான் முன்கோபி. ஆனால் நல்ல மனசோடு கேட்கிறவர்களிடம் எப்படிக் கோபப்படுவது? இந்த வம்பே வேண்டாம் என்று அம்மா ஆரம்பத்திலேயே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். "பாப்பா வூட்ல இருந்தே கம்ப்யூட்டர் வேல பாக்குதுங்க" என்பாள். அதில் பொய்யும் இல்லை.

நான் வேலை செய்வது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய புழு மனையில். நாங்கள் பட்டுப்புழு வளர்த்த காலத்தில் கட்டியது. புழுவுக்குச் சூடும் ஆகாது, குளிரும் ஆகாது என்பதால் அப்பா சுவரைக் கனமாக எழுப்பி, ஜன்னலைச் சின்னதாக வைத்திருந்தார். பிறகு மல்பெரியை அழித்துவிட்டுத் தக்காளிக்கு மாறினோம். மனை காலியாகக் கிடந்தது. நான் அதில் மேஜை போட்டேன், ஸ்பீக்கர் வைத்தேன், புழுத்தட்டுகள் அடுக்கும் இரும்புச் சட்டத்தில் புத்தகங்களையும் ஒயர்களையும் அடுக்கினேன். ஐரோப்பாவில் நான் பார்த்த சில ஸ்டுடியோக்களைவிட அங்கே ஒலி சுத்தமாகக் கேட்கும். மழைக்காலத்தில் மட்டும் பழைய இலை வாசனை வரும். அது எனக்குப் பிடிக்கும்.

எழுதுவது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். வயலின், வயோலா, செல்லோ போன்ற வாத்தியங்களுக்கு எழுதுகிறேன். அவற்றோடு, நான் பதிவு செய்து கம்ப்யூட்டரில் இழுத்து, நீட்டி, உருமாற்றி வைத்த ஒலிகளும் சேர்ந்து ஒலிக்கும். பாட்டு இருக்காது. பல சமயம் தாளமும் இருக்காது. ஒரு சுரம் மெதுவாக இன்னொன்றாக மாறுவதற்குள் நீங்கள் ஒரு டீ குடித்துவிடலாம். இப்படி ஒன்றைக் கேட்க உலகத்தில் ஆள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். இருக்கிறார்கள். அவர்களை நம்பித்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

எல்லாம் ஆரம்பித்தது எங்கள் ஊர் மாதா கோவிலில். ஞாயிறு பூசைக்குக் கீபோர்டு வாசிக்க ஆள் கிடைக்காமல், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த என்னை உட்கார வைத்தார்கள். பூசை முடிந்து எல்லோரும் போன பிறகும் நான் போகமாட்டேன். ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த ஒற்றைச் சத்தம் சுவருக்குச் சுவர் எப்படி மாறுகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பேன். கதவைப் பூட்ட வரும் உபதேசியார், "என்னா பாப்பா, கட்ட ஒட்டிக்கிச்சா?" என்று கேட்டு ஸ்விட்சை அணைத்துவிடுவார். என் இசைக்கு வந்த முதல் விமரிசனம் அது. அதற்குப் பிறகு வந்த பல விமரிசனங்களும் ஏறக்குறைய அதையேதான் சொல்லின.

சேலத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தேன். படிப்பு ஒட்டவில்லை, ஆனால் சால்டரிங் கற்றுக்கொண்டேன். சென்னைக்குப் போய் ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே மேற்கத்திய இசையை முறையாகப் படித்தேன். அப்போது ஒரு விடுமுறையில் எங்கள் புழு மனையில் புழுக்கள் இலை தின்னும் சத்தத்தைப் பதிவு செய்து, அதிலிருந்து ஒரு சின்ன இசைத்துண்டு உருவாக்கி நெதர்லாந்தில் ஓர் இசைக் கல்லூரிக்கு அனுப்பினேன். எடுத்துக்கொண்டார்கள். அங்கே படித்து, அங்கேயே கொஞ்ச காலம் சொல்லிக்கொடுத்து, வாடகை அறையில் பூஞ்சைக் காளானோடு குடித்தனம் நடத்தினேன். ஊரடங்குக்கு ஊருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. வெளியூர்க் கச்சேரிகளுக்கு மட்டும் போய் வருகிறேன். காலையில் அம்மா கொடுக்கும் காப்பியோடு மனைக்குள் போனால் சாயங்காலம் வரை யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும் என்று பல நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை.

இந்த நிம்மதியில் ஒரு கல் விழுந்தது போன வருஷம்.

நெதர்லாந்தில் ஒரு நால்வர் குழு இருக்கிறது. இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. நான் மாணவியாக இருந்த காலத்திலிருந்தே அவர்கள் வாசிப்பதைக் கேட்டு மயங்கியவள் நான். அவர்கள் தங்களுக்காக ஒரு பெரிய படைப்பு எழுதித் தரச் சொன்னார்கள். பல ஊர்களில் வாசிப்பதாகத் திட்டம். எங்கள் துறையில் இப்படி ஒரு வாய்ப்பு வருவது, பென்னாகரம் ரோட்டில் காலியாக ஒரு பஸ் வருவது மாதிரி. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

அந்தப் படைப்பின் நடுவில் ஒரு நீண்ட ஒலி வரும். எங்கள் கிணற்று மோட்டாரின் ஒலி அது. எங்கள் பக்கம் விவசாயத்துக்கான மும்முனைக் கரண்ட் வருகிற நேரத்தில்தான் வரும். அதனால் எல்லோரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருப்பார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிடும். ஆனால் கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடி வால்வு கசிந்தால், குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் இறங்கிப்போய்க் காற்று ஏறிவிடும். அப்போது மோட்டார் தண்ணீர் எடுக்காமல் சும்மா சுற்றும். கவனிக்காமல் விட்டால் சூடேறி, மோட்டார் கருகி, தோட்டம் காய்ந்துவிடும். அப்படி ஒரு காலை எங்கள் மோட்டார் சும்மா ஓடியபோது, மனைக்கு வெளியே பறவைகளைப் பதிவு செய்ய நான் வைத்திருந்த கருவியில் அந்தச் சத்தமும் விழுந்துவிட்டது. அப்பா ஓடிப்போய் அணைப்பதற்குள் கிடைத்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. லேசான, மேலே மிதக்கிற ஒரு ரீங்காரம். கேட்டதும் சொக்கிப்போனேன். அதைப் பத்து நிமிஷத்துக்கு மேல் நீட்டி, அதன் மேல் நான்கு வாத்தியங்களையும் படரவிட்டேன்.

முதல் வயலின் வாசிக்கும் பெண்மணிதான் அந்தக் குழுவின் தலைவி. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருப்பார். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். வீடியோ அழைப்பில் வந்து, நடுப்பகுதி அற்புதம் என்றார். அடுத்த மூச்சிலேயே, ஆனால் இது முடியவில்லை, நின்றுவிடுகிறது என்றார்.

வேறு முடிவு எழுதி அனுப்பினேன். இதுவும் நிற்கிறது என்றார். இன்னொன்று அனுப்பினேன். இது நிற்கக்கூட இல்லை, ஓடி ஒளிகிறது என்றார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவருடைய அழைப்பை எடுக்கவில்லை. மூன்றாவது நாள் நானே கேட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். அந்த நீண்ட ஒலி எங்கேயோ போகிற மாதிரி போகிறது, போய்ச் சேரவில்லை. எங்கே போகிறது என்பது எழுதின எனக்கே தெரியவில்லை.

அவர்கள் பெங்களூருவில் ஒரு கச்சேரிக்கு வருவதாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள் ஓய்வு. அன்றைக்கு நேரில் வாசித்துப் பார்ப்போம், முடிவு அமையவில்லை என்றால் இந்தப் படைப்பை அடுத்த வருஷச் சுற்றுப்பயணத்திலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கும் என்று முதல் வயலின் எழுதியிருந்தார். வருத்தத்தோடுதான் எழுதியிருந்தார். அதனால் எனக்கு இன்னும் பயம் அதிகமாயிற்று. அப்படியானால் எங்கள் ஊருக்கே வாருங்கள், பங்கு மண்டபம் இருக்கிறது, ஆட்களும் வருவார்கள் என்று பதில் போட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்தால், தோற்பதானாலும் வீட்டுப் பக்கத்தில் தோற்றால் சோறாவது நன்றாகக் கிடைக்கும் என்ற எண்ணம்தான்.

பங்கு சாமியார் ஞாயிறு பூசையின் கடைசியில் அறிவிப்புக் கொடுத்தார். "நம்ம ஊர்ப் பொண்ணு எழுதுன இசைய வெளிநாட்டுக் கலைஞர்கள் வந்து வாசிக்கிறாங்க. எல்லாரும் வரணும். பாதில எந்திரிச்சுப் போவக் கூடாது." கடைசி வரியை அவராகவே சேர்த்துக்கொண்டார். அதைக் கேட்டு அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அப்பா என்னுடைய படைப்பு எதையும் முழுசாகக் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்றில்லை. உட்கார்ந்தால் மாடு கத்தும், இல்லை மண்டிக்கு வண்டி வந்துவிடும். "அப்புறம் கேக்கறேன் பாப்பா" என்று எழுந்து போவார். நானும் விட்டுவிடுவேன்.

அவர்கள் வேனில் வந்து இறங்கியபோது ஊரே ரோட்டில் நின்றது. அம்மா ஊர்ப் பெண்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு கோழிக்குழம்பும் களியும் சோறும் ஆக்கியிருந்தாள். செல்லோக்காரர் தலை வாசல் நிலையில் இடிக்கிற உயரம். களியை உருட்டிக் குழம்பில் முக்கி விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது என்று அம்மா ஜாடையில் சொல்லிக்கொடுத்தாள். அவர் விழுங்கினார், கண் கலங்கினார், இன்னொரு உருண்டை கேட்டார். அம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்தவர் திருவிழாவுக்கு வழக்கமாக வரும் சவுண்ட் சர்வீஸ்காரர். நான் கேட்டதைவிடப் பெரிய பெட்டிகளாகக் கொண்டுவந்திருந்தார். மோட்டார் ஒலி மட்டும் பார்வையாளர்களுக்குப் பின்னாலிருந்து, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாதபடி வர வேண்டும் என்பது என் ஏற்பாடு. அதனால் ஒரு பெட்டியைப் பின்கதவுக்கு வெளியே வைக்கச் சொன்னேன். அந்தக் கதவுக்கு அப்பால் தோட்டங்கள்தான். அந்த வாரம் எங்கள் பக்கம் மும்முனைக் கரண்ட் சாயங்காலத்துக்கு மாறியிருந்தது என்பது என் புத்தியில் ஏறவில்லை.

சாயங்காலம் மண்டபம் நிறைந்தது. கிறிஸ்தவர்கள், கவுண்டர் வீடுகளிலிருந்து வந்தவர்கள், எல்லோரும் குளித்து, சட்டை மாற்றி, கல்யாணத்துக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அப்பா முதல் வரிசையில் வெள்ளைச் சட்டையோடு, கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைப்பாக இருந்தார். நான் ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன்.

நால்வரும் வாசிக்க ஆரம்பித்தார்கள். ஜனங்கள் அசையவில்லை. ஒரு குழந்தை சிணுங்கியது, அதையும் யாரோ சமாதானப்படுத்தினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. எங்கள் ஊர் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று கர்வமாகக்கூட இருந்தது. சரியான இடத்தில் மோட்டார் ஒலியை மெதுவாக ஏற்றினேன்.

கடைசி வரிசையில் ஒருவர் தலையைத் தூக்கினார். பக்கத்தில் இருந்தவர் காதைத் திருப்பினார். அப்பாவின் விறைப்பு போயிற்று. அவர் அம்மாவைப் பார்த்தார், அம்மா அவரைப் பார்த்தாள். "மோட்டரு" என்று அவருடைய உதடு அசைந்தது. அடுத்த நொடி எழுந்து, குனிந்தபடி, யாரையும் தொந்தரவு செய்யாமல் போவதாக நினைத்துக்கொண்டு, பின்கதவு வழியாக ஓடினார்.

அதுதான் தாமதம். பின்வரிசையிலிருந்து ஐந்தாறு பேர் எழுந்தார்கள். பிறகு நடுவரிசை. பெஞ்சுகள் சிமெண்டுத் தரையில் இழுபட்டன. "நம்முளுதா பாருய்யா" என்று ஒரு பெண் புருஷனைத் தள்ளினாள். "எங்குளுதுதான், எனக்குத் தெரியும், அந்த வால்வு நேத்தே சரியில்ல" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினார். வெளியே செல்போன் வெளிச்சங்கள் தோட்டம் தோட்டமாகப் பிரிந்து போவது தெரிந்தது. சாமியார் எழுந்து கையைத் தூக்கினார். அவரைத் தாண்டியும் நாலு பேர் போனார்கள்.

இதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லிக் கோத்துக்கொண்டது; அப்போது எனக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. என் இசை தாங்காமல் ஊரே எழுந்து ஓடுகிறது என்றுதான் நினைத்தேன். அதுவும் முதலில் ஓடியது என் அப்பா. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கோபமும் வந்தது. ஒரு பாட்டு கேட்க முடியாதா இவர்களால்? ஒரு நாள், ஒரே ஒரு நாள்? நால்வரும் நிறுத்தவில்லை. செல்லோக்காரர் மட்டும் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார். முதல் வயலின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாதி காலியான மண்டபத்தில், பெண்களும் குழந்தைகளும் பார்த்துக்கொண்டிருக்க, படைப்பு கடைசிவரை வாசிக்கப்பட்டு, வழக்கம்போல நின்றது.

யாரும் கை தட்டவில்லை. தட்டுவதற்கு முன் ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வர ஆரம்பித்தார்கள். காலெல்லாம் சேறு. வந்தவர்கள் மரியாதையாகத் தங்கள் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள்.

"உங்குளுதா?"

"இல்லீங்க. நல்லா தண்ணி போவுது."

"எங்குளுதும் இல்ல. அப்ப யாருது?"

அப்பா கடைசியாக வந்தார். மூச்சு வாங்கியது. பின்கதவில் நின்று, வெளியே இருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம் பாப்பா, நீ போட்டதா அது?"

தலையாட்டினேன்.

"நம்ம மோட்டரா?"

"ஆமாப்பா."

அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் தோட்டத்திலிருந்து இல்லை, இந்தப் பெட்டியிலிருந்துதான் என்று அவர் சொன்னதைக் கேட்டுப் பின்வரிசை சிரித்தது. மண்டபமே சிரித்தது. செருப்பில்லாமல் ஓடியவர் தன் காலைத் தூக்கிக் காட்டி, "முள்ளு ஏறிப்போச்சு, ஒன் பாட்டால" என்று என்னை ஏசிக்கொண்டே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அழுகையும் கூடவே வந்ததால் மூக்கைச் சிந்த வேண்டியதாயிற்று. நடந்ததை நால்வருக்கும் ஆங்கிலத்தில் சொன்னேன். செல்லோக்காரர் வாத்தியத்தைக் கீழே சாய்த்து வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். முதல் வயலின் மட்டும் சிரித்து முடித்ததும் யோசனையில் ஆழ்ந்துவிட்டார்.

அப்பா முன்னால் வந்து நின்றார். "நாங்க போனப்ப என்னா வாசிச்சாங்கன்னு தெரியாமப் போச்சு. இன்னொரு தடவ வாசிக்கச் சொல்லு பாப்பா. யாரும் எந்திரிக்க மாட்டோம்."

"ஆமா, மறுக்கா வாசிங்க" என்று குரல்கள் வந்தன. கூத்துப் பார்க்கிறவர்களிடம் இந்தக் கேட்கும் உரிமை இயல்பாக இருக்கிறது. ஐரோப்பாவில் ஒரு கச்சேரியிலும் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

நடுப்பகுதியிலிருந்து மறுபடி வாசித்தார்கள். இந்த முறை நான் லேப்டாப்பைப் பார்க்கவில்லை, ஜனங்களைப் பார்த்தேன். மோட்டார் ஒலி ஏறியது. சொன்னபடி யாரும் எழவில்லை. ஆனால் ஒருவர்கூட நிம்மதியாக இல்லை. கால்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஒருவர் பெஞ்சு விளிம்பைப் பிடித்திருந்தார். பெண்கள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, எதையோ எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். இதே ஒலியை வெளிநாட்டில் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, தியானம் மாதிரி இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்து எழுதியிருந்தேன். இங்கே யாரும் கண்ணை மூடவில்லை.

ஒலி நின்றது. வாத்தியங்கள் தேய்ந்து அடங்கின. மண்டபம் அப்படியே காத்திருந்தது. நால்வரும் வில்லை இறக்கிய பிறகும் காத்திருந்தது. கடைசியில் எங்கள் பக்கத்துத் தோட்டக்காரம்மா பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"தண்ணி எடுக்கவே இல்லியே கண்ணு?"

"கருகிப் போச்சா?" என்றார் இன்னொருவர், நிஜமான கவலையோடு.

என்ன கேட்கிறார்கள் என்று முதல் வயலின் என்னிடம் கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் வில்லை மடியில் வைத்துக்கொண்டு, இவ்வளவு மாதமாக நானும் இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன் என்றார்.

அன்றைக்கு இரவு அவர்கள் தர்மபுரியில் ஒரு லாட்ஜில் தங்கினார்கள். போகும்போது முதல் வயலின் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தண்ணீர் வந்தால் எங்களுக்கு அனுப்பு என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதில் கெடுவும் இருந்தது, நம்பிக்கையும் இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். எனக்கு அந்த மோட்டார் சும்மா ஓடுகிற சத்தம் வேண்டும், நீளமாக வேண்டும், பிறகு தண்ணீர் எடுக்கிற சத்தமும் அதே ஓட்டத்தில் வேண்டும், வெட்டி ஒட்டினால் காது கண்டுபிடித்துவிடும் என்றேன்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "தண்ணி இல்லாம ஓட வுடணுமா?" என்றார்.

"ஆமாப்பா."

"வேணும்னே?"

அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. சாப்பாட்டை விட்டு, தூக்கத்தை விட்டு, ஜெபமாலையைப் பாதியில் விட்டு அந்தச் சத்தத்தை நிறுத்த ஓடியவர் அவர். மோட்டாருக்குள் இருந்த செம்புக் கம்பிச் சுருளும் புதிதில்லை. தோட்டத்தில் தக்காளி பூவும் பிஞ்சுமாக நின்றது. மோட்டார் போனால் சுருளை மறுபடி கட்டித் தர ஆள் பிடித்து ஓட்டுவதற்குள் செடி வதங்கிவிடும். வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"இது இல்லன்னா அவங்க வாசிக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்கப்பா."

கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "காத்தால கரண்ட் மாத்தி வுடறானாம். வெள்ளன வா" என்றார்.

காலையில் கிணற்று மேட்டில் மைக்குகளை நிறுத்தினேன். அப்பா ஆட்டோ ஸ்டார்ட்டரை நிறுத்திவிட்டு, குழாயில் நின்ற தண்ணீரை அவர் கையாலேயே இறக்கிவிட்டார். அம்மா இரண்டு குடம் தண்ணீரோடு வந்தாள். மேலே தொட்டிக்குள் வளைந்திருக்கும் குழாய் வாயில் தண்ணீரை ஊற்றினால் அது கீழே இறங்கிப் பம்பை நிரப்பும். நான் கை காட்டியதும் ஊற்ற வேண்டும், அதுவரை யாரும் பேசக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

"அப்பனும் மவளும் சேந்து மோட்டர கொல்லப் போறீங்க" என்று அம்மா முன்கூட்டியே பேசி முடித்துக்கொண்டாள்.

அப்பா பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

அந்த ரீங்காரம் எழுந்தது. லேப்டாப்பில் நீட்டிய போலி இல்லை, நிஜமானது. ஹெட்போனில் அது என் தலை முழுக்க நிறைந்தது. அப்பாவின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானின் மேல் இருந்தது, அழுத்தவில்லை, தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தது. கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் என்னைப் பார்த்தார். நான் இன்னும் என்று தலையசைத்தேன். அவர் மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். இன்னும். அவர் முகத்தைத் தக்காளிச் செடிகள் பக்கம் திருப்பிக்கொண்டார். கழுத்தில் வியர்வை ஓடியது. விரல் மட்டும் அந்தப் பொத்தானை விட்டு அசையவும் இல்லை, அழுத்தவும் இல்லை. இவ்வளவு பிடிவாதக்காரியான நான், அப்பாவுக்காக ஒரு நாளாவது இப்படிச் சும்மா நின்றிருக்கிறேனா என்று தோன்றியது. அவர் என் மேல் வைத்திருக்கும் பிரியத்தை அதற்கு முன் நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பார்த்ததில்லை.

கையைக் காட்டினேன். அம்மா குடத்தைச் சாய்த்தாள். ரீங்காரம் ஒரு முறை இடறியது. காற்றும் தண்ணீருமாகக் குழாய் இருமியது. இரண்டாவது குடம் இறங்கியது. மோட்டாரின் குரல் தடுமாறி, கனத்து, சட்டென்று கீழே இறங்கி நிலைத்தது. குழாய் வாயிலிருந்து தண்ணீர் பீறிட்டுத் தொட்டியில் விழுந்தது.

"எடுத்துடுச்சு!" என்று அப்பா கத்தினார். பேசக் கூடாது என்பது அவருக்கு மறந்தே போயிற்று. அம்மா முழங்கை வரை நனைந்துபோய்ச் சிரித்தாள்.

அப்பா கத்திய அந்தக் குரலை வெட்டி ஒரு பதிவும், வெட்டாமல் ஒரு பதிவும் அனுப்பினேன். முதல் வயலினிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. அந்த மனிதரை வெட்டினால் உன்னோடு பேசமாட்டேன் என்று எழுதியிருந்தார். அவர் யார் என்று நான் சொல்லியிருக்கவில்லை.

இந்த வருஷம் குளிர் விட்ட பிறகு அவர்கள் ஊரிலேயே முதல் கச்சேரி நடந்தது. உயரமான மண்டபம், மர இருக்கைகள், நல்ல கூட்டம். நான் பின்னால் ஒலிக்கட்டுப்பாட்டு மேஜையில், அந்த மண்டபத்தின் ஒலிப்பொறியாளரான இளைஞரோடு உட்கார்ந்திருந்தேன். மோட்டார் ஒலி ஏறியதும் ஜனங்கள் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள். பலர் கண்ணை மூடினார்கள். எல்லோருடைய முகத்திலும் அமைதி. நான் மட்டும் மேஜை விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, எழுந்து ஓடிவிடக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அது நீண்டது, நீண்டுகொண்டே போனது. நானே எழுதியதுதான், எங்கே என்ன வருகிறது என்று மனப்பாடமாகத் தெரியும், இருந்தும் கருகிவிடும் என்று பயமாக இருந்தது. பிறகு அது இடறியது, இருமியது, கனத்து இறங்கியது. நான்கு வாத்தியங்களும் அதோடு சேர்ந்து இறங்கி ஒரே சுரத்தில் நின்றன. அப்பாவின் குரல் அந்த உயரமான கூரை வரைக்கும் போயிற்று.

நான் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதுவிட்டேன். ஒலிப்பொறியாளர் பதறிப்போய், ஏதாவது தவறாகிவிட்டதா என்று கிசுகிசுத்தார்.

ஒன்றுமில்லை, தண்ணீர் வந்துவிட்டது என்றேன்.